அசல் முத்து எது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நகைக்கடையில் முத்துமாலை ஒன்றைக் கையில் எடுத்ததும் நம்மில் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "இது அசல் முத்தா?" கடைக்காரரும் தயங்காமல், "அசல்தாங்க" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால், நாம் நினைக்கும் அசலும் அவர் சொல்லும் அசலும் ஒன்றா என்று யோசித்ததுண்டா? நாம், கடலுக்கடியில் ஒருவர் மூச்சை அடக்கி மூழ்கி எடுத்த முத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறோம். அவர், சீனாவில் ஒரு நன்னீர்க் குளத்தில் வளர்ந்த முத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறார்.

சில பத்து வெள்ளிக்கும் முத்துமாலை கிடைக்கிறது. பல்லாயிரம் வெள்ளிக்கும் கிடைக்கிறது. இரண்டையும் 'அசல்' என்ற ஒரே சொல்லால் விற்கிறார்கள். மகளின் திருமணத்திற்கென்று சேமித்த பணத்தைக் கொடுத்து வாங்குகிறவருக்கு, சந்திரனுக்கு உரிய கல் என்று நம்பி மோதிரத்தில் பதிக்கிறவருக்கு, இந்தச் சொல் போதுமானதா? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் முத்து எப்படி உண்டாகிறது?

சுவாதி நட்சத்திரத்தன்று சிப்பி கடல்மட்டத்திற்கு வந்து வாயைத் திறக்கும், அதில் விழும் மழைத்துளி முத்தாகும் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். ரோமானிய எழுத்தாளர் பிளினி, வானத்துப் பனித்துளியே முத்தாகிறது என்று எழுதி வைத்தார். யானைத் தந்தத்தில், மூங்கிலில், கரும்பில், நெல்லில்கூட முத்து பிறக்கும் என்று நம் பழைய நூல்கள் பட்டியல் போடுகின்றன. அந்தப் பட்டியலில் சங்கும் உண்டு. மற்றவை கற்பனையாக இருக்கலாம். சங்கில் முத்து பிறப்பது மட்டும் உண்மை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது வேறு: சிப்பிக்குள் மணல் துகள் புகுந்து உறுத்தும், அதைச் சுற்றிச் சிப்பி ஒரு திரவத்தைச் சுரக்கும் என்பது. இதுவும் முழு உண்மையில்லை. மணலில் வாழும் சிப்பிக்கு மணலை வெளியே தள்ளத் தெரியாதா என்ன? சிப்பியின் ஓட்டுக்கு உள்ளே, அதன் உடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சதைப் போர்வை ஒன்று உண்டு. ஓட்டை வளர்ப்பதே அதன் வேலை. ஏதோ ஓர் ஒட்டுண்ணி துளைப்பதாலோ காயம்படுவதாலோ அந்தப் போர்வையின் சில உயிரணுக்கள் இடம்மாறி உடலுக்குள் போய்விடுகின்றன. போன இடத்தில் அவை ஒரு சிறு பையாக வளர்ந்து, தமக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்கின்றன. அதாவது ஓட்டின் உட்புறத்தில் பூசவேண்டிய அதே பளபளப்பான பொருளை அந்தப் பைக்குள் அடுக்கடுக்காகப் பூசுகின்றன. அந்த உருண்டைதான் முத்து. சுண்ணாம்புச் சத்தின் மிக மெல்லிய தகடுகள், அவற்றை ஒட்டவைக்கும் புரதம், அவ்வளவுதான் சரக்கு. ஒளி இந்தத் தகடுகளுக்கு இடையே புகுந்து திரும்பி வருவதால்தான் முத்தின் ஒளி மேற்பரப்பில் நிற்காமல் உள்ளிருந்து வருவதுபோல் தெரிகிறது. இந்தப் படலத்தை முத்துப்படலம் என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சொல் கடைசிவரை நமக்குத் தேவைப்படும்.

கொற்கையும் தஞ்சைக் கல்வெட்டும்

தமிழருக்கு முத்து என்றால் கொற்கை. தாமிரபரணி கடலில் கலந்த இடத்தில் இருந்த பாண்டியர் துறைமுகம். இன்று கடல் பின்வாங்கிவிட, ஊர் கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே நிற்கிறது. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற கடற்பயணக் குறிப்பில் கொற்கையின் முத்துக்குளிப்பு இடம்பெற்றுள்ளது. அந்தக் குறிப்பு இன்னொன்றையும் சொல்கிறது: அங்கே தண்டனை பெற்ற கைதிகளை வைத்து முத்தெடுத்தார்கள். ரோமாபுரிப் பெருமாட்டிகளின் கழுத்தில் மின்னிய முத்துகளைப் பற்றிப் பெருமைப்படும் நாம், இந்த வரியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சிலப்பதிகாரத்தில் வழக்கு எதில் முடிகிறது? சிலம்பின் உள்ளே இருப்பது என்ன என்பதில். பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. உடைத்தால்தான் உண்மை. முத்து விஷயத்தில் இன்றும் நிலைமை அதுதான். உடைப்பதற்குப் பதிலாக எக்ஸ்ரே எடுக்கிறோம்.

முத்தின் வகைகள் என்றதும் இன்று கடைகளில் ஜப்பான் முத்து, சீன முத்து, தென்கடல் முத்து என்று மூன்று நான்கு பெயர்கள் சொல்வார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜ சோழனும் அவன் குடும்பத்தாரும் கொடுத்த நகைகளைப் பற்றிய கல்வெட்டுகளைப் பாருங்கள். முழு உருண்டையானது வட்டம், கிட்டத்தட்ட உருண்டையானது அனுவட்டம். ஒப்பு முத்து, குறுமுத்து, கரடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, நிம்பொளம், பயிட்டம் என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகின்றன. நிறத்திற்கும் ஒளிக்கும் தனிச்சொல் உண்டு: குளிர்ந்த நீர், சிவந்த நீர். 'நீர்' என்றால் முத்துக்குள் ஓடும் ஒளி. என்ன அருமையான சொல்! ஒவ்வொரு நகையிலும் எந்த வகை முத்து எத்தனை, எடை எவ்வளவு என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்றைய ரசீதில் இத்தனை விவரம் நமக்குக் கிடைக்குமா?

பிற்கால மன்னார் வியாபாரிகளும் இப்படித்தான். அடியில் துளைகள் இட்ட பித்தளைச் சல்லடைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். முதல் சல்லடையில் 20 துளைகள். அடுத்தது 30, 50, 80 என்று போய் 1,000 துளைகள் வரை. முதல் சல்லடையிலேயே தங்குவது பெரிய முத்து. பிறகு கண்ணால் தரம் பிரிப்பார்கள். உருண்டையிலும் ஒளியிலும் குறையே இல்லாதது ஆணி. 'ஆணிமுத்து' என்று நாம் இன்றும் பாராட்டிச் சொல்கிறோமே, அது இந்தச் சந்தையில் புழங்கிய தரப்பெயர். அதற்கு அடுத்தது அணதாரி. பிறகு கையேறல், குறுவல், களிப்பு, பீசல் என்று இறங்கி, கடைசியில் தூள்.

மறிச்சுக்கட்டியில் ஒரு பருவம்

முத்துச்சிப்பிகள் கடலடியில் கூட்டமாக வாழும் திட்டுகளைப் 'பார்' என்பார்கள். முத்துக்குளிப்புக்குச் 'சலாபம்' என்று பெயர். இலங்கையின் சிலாபம் என்ற ஊர்ப்பெயரே அதிலிருந்து வந்தது என்பார்கள். ஆண்டுதோறும் சலாபம் நடந்ததில்லை. சிப்பி முற்றியிருந்தால் உண்டு. இல்லாவிட்டால் பல ஆண்டுகள் ஒன்றுமே இருக்காது. கடல் ஏன் இப்படிச் செய்கிறது என்று அரசுகள் மண்டையை உடைத்துக்கொண்டன. பிரிட்டிஷ் அரசு 1902-இல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் என்ற விஞ்ஞானியை அனுப்பி ஆராய வைத்தது. நாடாப்புழுவின் குஞ்சுகள்தான் முத்துக்குக் காரணம் என்று அவர் கருதினார்.

மன்னாருக்குத் தெற்கே மறிச்சுக்கட்டியில் 1905-இல் நடந்த சலாபம் மிகப் பெரியது. வெறும் மணல்வெளியாகக் கிடந்த இடத்தில் சில வாரங்களுக்குள் ஒரு நகரமே எழுந்தது. 300-க்கும் அதிகமான படகுகள், ஏறத்தாழ 5,000 மூழ்காளர்கள். தமிழகக் கரையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். எடுத்த சிப்பிகள் ஏறத்தாழ 8 கோடி.

நள்ளிரவில் நிலக்காற்றில் பாய்விரித்துப் புறப்படும் படகுகள் விடியும்போது பாரை அடையும். ஒரு கயிற்றில் கனமான கல், இன்னொன்றில் கூடை. மூழ்காளர் கல்லில் காலை ஊன்றி, மூச்சை இழுத்துக்கொண்டு கீழே போவார். அரபு மூழ்காளர்கள் மூக்கில் கவ்வி மாட்டிக்கொள்வார்கள். நம்மவர் பலர் விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கிவிடுவார்கள். அடியில் கிடைப்பது ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரம். கைக்கு எட்டியதை அள்ளிக் கூடையில் போட்டுக் கயிற்றை அசைத்தால், மேலே இருப்பவர் இழுத்துக்கொள்வார். ஒரு நாளில் பலமுறை. சுறாவுக்கு மந்திரம் சொல்ல 'கடல்கட்டி' என்று ஒருவர் இருப்பார்; அவர் இல்லாமல் மூழ்காளர் இறங்கமாட்டார். மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்தபோதும் இந்த வழக்கத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

கரைக்கு வந்த சிப்பியில் மூழ்காளருக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு அரசுக்கு. அரசின் பங்கை அன்றிரவே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். கவனியுங்கள்: ஏலம் போவது திறக்காத சிப்பி. உள்ளே முத்து இருக்கிறதா என்று வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. முத்து வாங்குவது அன்று லாட்டரிச் சீட்டு எடுப்பதுபோலத்தான். பிறகு சிப்பிகளை வெயிலில் அழுகவிட்டு, கழுவி, அரித்துத் தேடுவார்கள். அந்த நாற்றத்தைப் பற்றி எழுதாத வெள்ளைக்கார அதிகாரியே இல்லை எனலாம்.

அந்த வருமானத்தைப் பார்த்து ஒரு லண்டன் நிறுவனம் 1906-இல் அந்தப் பார்களை 20 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சிப்பி மறைந்துபோனது, நிறுவனமும் மூடிவிட்டது. தூத்துக்குடிப் பக்கம் 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் கடைசித் தொடர். அதற்குப் பிறகு அங்கு பெரிய முத்துக்குளிப்பு இல்லை. ஆகவே இன்று புதிதாகச் செய்த மாலையைக் காட்டி யாராவது "மன்னார் முத்து" என்று சொன்னால், இரண்டு முறை யோசியுங்கள்.

அரேபிய வளைகுடாவின் கதை இதைவிடக் கடினமானது. பஹ்ரைன், குவைத், துபாய் ஆகிய ஊர்களெல்லாம் எண்ணெய்க்கு முன் முத்தை நம்பி வாழ்ந்தவை. மூழ்காளர் பருவம் தொடங்கும்முன் கப்பல் தலைவரிடம் முன்பணம் வாங்குவார். பருவ முடிவில் கணக்குப் பார்த்தால் கடன்தான் மிஞ்சும். தந்தை இறந்தால் கடன் மகன் தலையில். கொலம்பஸ் 1498-இல் முத்து இருப்பதைக் கண்ட வெனிசுவேலாக் கடலிலோ, பூர்வகுடிகளை அடிமைகளாக்கி மூழ்கவைத்தார்கள். சில பத்தாண்டுகளில் மனிதர்களும் மாண்டார்கள், சிப்பியும் தீர்ந்தது.

ஒரு மாளிகைக்கு ஒரு மாலை

இத்தனை உயிரை வாங்கிய பொருளுக்கு என்ன விலை இருந்தது? நியூயார்க்கின் ஐந்தாம் அவெனியூவில் கார்ட்டியே நகைக்கடை இருக்கும் மாளிகையை 1917-இல் பியேர் கார்ட்டியே எப்படி வாங்கினார் தெரியுமா? இரண்டு சரம் இயற்கை முத்துமாலையும் 100 டாலரும் கொடுத்து! மாலையின் மதிப்பு அன்று ஒரு மில்லியன் டாலர். அதே மாலை 1957-இல் ஏலத்துக்கு வந்தபோது 151,000 டாலருக்குத்தான் போனது. கட்டடம் இன்றும் நிற்கிறது. மாலையின் விலைதான் சரிந்தது. நாற்பது ஆண்டுகளில் நடந்தது என்ன?

ஜப்பானில் தோபா என்ற கடற்கரை ஊரில் நூடல்ஸ் கடைக்காரரின் மகனாக 1858-இல் பிறந்தவர் மிக்கிமோத்தோ கோக்கிச்சி. சிப்பிக்குள் நாமே ஒரு பொருளை வைத்தால் முத்து வளருமா என்று பல ஆண்டுகள் முயன்றார். செந்நிறக் கடற்பாசிப் பெருக்கில் சிப்பிகள் கூட்டமாகச் செத்தன, கடன் ஏறியது. 1893 ஜூலை 11 அன்று ஒரு சிப்பியில் அரைவட்ட முத்து கிடைத்தது. முழு உருண்டை முத்துக்கு வழி கண்டவர்கள் நிஷிக்காவா, மிசே என்ற வேறு இரண்டு ஜப்பானியர்கள். அதைப் பெருந்தொழிலாக்கி உலகமெங்கும் கொண்டுபோனவர் மிக்கிமோத்தோ.

முறை இதுதான். சிப்பியைச் சற்றே திறந்து, உள்ளே ஒரு சிறு கீறல் போட்டு, ஓட்டிலிருந்து கடைந்த ஓர் உருண்டை மணியையும் இன்னொரு சிப்பியின் போர்வைத் துண்டையும் சேர்த்து வைப்பார்கள். அந்த மணி அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுச் சிப்பியின் தடித்த ஓட்டிலிருந்து செய்யப்படுவது. பிறகு வலைக்கூட்டில் வைத்துக் கடலில் தொங்கவிடுவார்கள். சில சிப்பிகள் இறக்கும். சில மணியைத் துப்பிவிடும். மிஞ்சியவை மணியைச் சுற்றி முத்துப்படலத்தை வளர்க்கும்.

1920-களில் இந்த முத்துகள் லண்டனுக்கும் பாரிஸுக்கும் வந்தபோது வியாபாரிகள் அதிர்ந்தார்கள். போலி என்றார்கள், வழக்கு என்றார்கள், விஞ்ஞானிகளை அழைத்தார்கள். இறுதியில் நிலைத்த முடிவு: இதுவும் முத்துதான், சிப்பி செய்ததுதான்; ஆனால் 'வளர்ப்பு முத்து' என்று சொல்லித்தான் விற்க வேண்டும். என்னைக் கேட்டால் மிகச் சரியான முடிவு. விதை போட்டவர் மனிதர் என்பதற்காக வயலில் விளைந்ததை நெல் இல்லை என்று சொல்வோமா?

வளர்ப்பு முத்தின் போட்டியும் 1929-க்குப் பிந்திய உலகப் பொருளாதார மந்தமும் ஒன்றாக வந்ததில் வளைகுடா முத்துத் தொழில் நொறுங்கியது. பஹ்ரைனில் 1932-இல் எண்ணெய் கிடைக்காமல் போயிருந்தால் அந்த மக்கள் என்ன செய்திருப்பார்களோ! பஹ்ரைன் பின்னர் வளர்ப்பு முத்து விற்பனையையே தடைசெய்தது. அதன் பழைய முத்துக்குளிப்பு இடங்களை யுனெஸ்கோ 2012-இல் உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. இன்னொரு வேடிக்கை: ஜப்பானின் அகோயா சிப்பியும் நம் மன்னார்ச் சிப்பியும் மிக நெருங்கிய உறவு. அதே சிப்பியில் இந்தியாவிலும் வளர்க்க முடியும் என்பதைத் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் டாக்டர் அழகர்சுவாமி குழுவினர் 1973-இல் செய்து காட்டினார்கள். ஆனால் ஜப்பான் அளவுக்கு அது பெருந்தொழிலாக வளரவில்லை.

இன்று கடையில் இருப்பவை

உலகில் இன்று விற்பனையாகும் முத்துகளில் மிகப் பெரும்பாலானவை வளர்ப்பு முத்துகளே. எண்ணிக்கையில் முதலிடம் சீன நன்னீர் முத்துக்கு. குளத்துச் சிப்பி ஒன்றில் ஒரே நேரத்தில் பல முத்துகளை வளர்த்துவிடுகிறார்கள். உள்ளே பெரும்பாலும் மணி வைப்பதில்லை, போர்வைத் துண்டு மட்டுமே. ஆகவே அந்த முத்து ஏறத்தாழ முழுவதும் முத்துப்படலம்தான். மலிவு என்பதால் மட்டம் என்று எண்ண வேண்டாம். ஹைதராபாத் முத்து என்று நாம் ஆசையாய் வாங்கி வருவதும் இன்று பெரும்பாலும் இதுவே. கடலே இல்லாத அந்த ஊர் துளையிடுவதற்கும் கோப்பதற்கும் பெயர் பெற்றது; முத்து விளையும் ஊரன்று.

ஜப்பானின் அகோயா முத்து சிறியது. 9 மில்லிமீட்டருக்கு மேல் அரிது. உருண்டையும் கண்ணாடிபோன்ற ஒளியும் அதன் சிறப்பு. ஆனால் உள்ளே மணி இருப்பதால், அவசரமாக அறுவடை செய்தால் படலம் மெல்லியதாக இருக்கும். சில ஆண்டு அணிந்ததும் தேய்ந்துபோகும். விலை வித்தியாசம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

தென்கடல் முத்து நம் அண்டை வீட்டுச் சரக்கு. ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ் கடல்களில் வாழும் தட்டு அளவுச் சிப்பியில் விளைவது. வெள்ளியும் பொன்னும் இதன் நிறங்கள். 10 மில்லிமீட்டருக்கு மேல் சாதாரணம். பொன்னிற முத்தைப் பிலிப்பீன்ஸ் 1996-இல் தேசிய மணியாக அறிவித்தது. முத்து வளர்ப்புக்கு முன்பே இந்தச் சிப்பிகளின் ஓடு, பொத்தான் செய்வதற்காகச் சூலுத் தீவுகளிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஐரோப்பா போயிற்று. ஆஸ்திரேலியாவின் புரூம் நகருக்கு முத்துச்சிப்பி எடுக்கப் போன மலாய்க்காரர்கள் பலர் சிங்கப்பூரில் ஒப்பந்தமாகிக் கப்பல் ஏறியவர்கள்.

தாஹித்தி முத்து, கருப்பு உதட்டுச் சிப்பியில் இயற்கையாகவே கருமை, பச்சை, மயில்கழுத்து நிறங்களில் விளைவது. ஆனால் கடையில் காணும் கருப்பு முத்து எல்லாம் தாஹித்தி அல்ல. சீன முத்துக்குச் சாயம் ஏற்றியவை ஏராளம்.

சங்கு முத்து என்று சொன்னேன் அல்லவா? கரீபியன் கடலின் பெரிய சங்கில் இளஞ்சிவப்பு முத்து பிறக்கும். நம் வட்டாரக் கடல்களில் வாழும் 'மெலோ' என்ற பெரிய நத்தையில் ஆரஞ்சு நிற முத்து பிறக்கும். இரண்டிலும் முத்துப்படலம் இல்லை; பீங்கான்போல் பளபளக்கும். மிக அரிது, மிக விலை.

இயற்கை முத்தோ இன்று பெரும்பாலும் ஏலக்கூடத்தில்தான். பிரான்ஸ் அரசி மரி அந்துவானெத் அணிந்த முத்துப் பதக்கம் 2018-இல் ஜெனீவாவில் 36 மில்லியன் டாலருக்குப் போனது.

அப்படியானால் கடையில் என்ன கேட்பது? "அசலா?" என்று கேட்காதீர்கள். எந்தச் சிப்பி, எந்த நாடு, நன்னீரா கடலா, சாயம் ஏற்றியதா என்று கேளுங்கள். பதிலை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். "ஷெல் பர்ல்" என்று எழுதியிருந்தால் எச்சரிக்கை: ஓட்டை உருட்டி மேலே பூச்சுப் பூசியது அது. சிப்பி வளர்த்த முத்தே அல்ல. முன்பல்லின் நுனியில் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். முத்துப்படலம் நறநறவென்று இருக்கும்; கண்ணாடி, பிளாஸ்டிக் போலிகள் வழுக்கும். இந்தச் சோதனை போலியைத்தான் காட்டிக்கொடுக்கும். இயற்கையா வளர்ப்பா என்பதைப் பல் சொல்லாது. அதற்கு ஆய்வுக்கூட எக்ஸ்ரே வேண்டும். "பாட்டி காலத்து இயற்கை முத்து" என்று பெரும் தொகை கேட்டால், ஆய்வுக்கூடச் சான்றிதழ் இல்லாமல் பணப்பையைத் திறக்காதீர்கள். அதே சமயம், உங்கள் பாட்டியின் பெட்டியில் மஞ்சள் பாரித்த பழைய முத்துச்சரம் இருந்தால், எடைக்கு எடை என்று போடுவதற்கு முன் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். வளர்ப்பு முத்து பரவுவதற்கு முன் கோத்ததாக இருக்கலாம்.

வாங்கிவிட்டீர்களா? வாசனைத் திரவியம், தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே எல்லாம் முடிந்த பிறகே முத்தை அணியுங்கள். புளிப்பும் வியர்வையும் அதன் எதிரிகள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வைக்குக் குறைவில்லை. கழற்றியதும் ஈரத்துணியால் துடைத்து, தங்க நகையோடு உரசாமல் தனித் துணிப்பையில் வையுங்கள். அடிக்கடி அணிகிற மாலையாக இருந்தால் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை நூலை மாற்றி, முத்துக்கு முத்து முடிச்சுப் போடச் சொல்லுங்கள். நூல் அறுந்தாலும் ஒரு முத்துதான் விழும்.